ஏர் ஓடாத ஊர்: ஃபிளெரி கிராமத்தின் வரலாறு

பிரான்சு நாட்டின் வடகிழக்கில், வெர்டன் நகருக்கு அருகில், ஃபிளெரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அரசு ஆவணங்களில் அதற்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, மேயருக்குரிய அதிகாரம் பெற்ற ஒரு தலைவரும் உண்டு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் அவ்வூரின் பெயருக்கு எதிரே எழுதப்படும் எண் சுழி. அங்கே குடியிருப்பவர் ஒருவருமில்லை. உழுவதற்கு ஒரு வயலும் இல்லை. இருப்பவை காடும், காட்டுக்குள் அம்மைத் தழும்புபோல் நெருங்கிக் கிடக்கும் பள்ளங்களுமே.

முதல் உலகப் போருக்கு முன் இவ்வூரில் 422 பேர் வாழ்ந்தனர். கோதுமை விளைத்தனர், மாடு வளர்த்தனர், மரம் வெட்டினர். 1916 ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் இவ்வூர் மண்ணோடு மண்ணாயிற்று. போரில் ஊர்கள் அழிவது புதிதன்று. அழிந்தவை மீண்டும் எழுவதும் உண்டு. ஃபிளெரி மட்டும் ஏன் எழவில்லை? நூறாண்டுகளுக்கு மேலாகியும் அங்கே ஏன் ஏர் ஓடவில்லை? இதற்கு விடை காண வரலாறு மட்டும் போதாது. நிலவியலையும் மண்ணியலையும் வேதியியலையும் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

நிலத்தின் அமைப்பு

பாரிசு நகரை நடுவாகக் கொண்டு பரந்து கிடக்கும் நிலப்பகுதியைப் புவியியலறிஞர் பாரிசு வடிநிலம் என்பர். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்த தட்டுகளைப் போன்றது அதன் அமைப்பு. மேலே உள்ள தட்டு சிறியது; கீழே செல்லச் செல்லத் தட்டுகள் பெரியவை. ஆகவே, நடுவிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்பவர் ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் கடந்து செல்ல நேரும். கடினமான சுண்ணாம்புப் பாறையாலான விளிம்புகள் மேடாக நிற்கின்றன. மென்மையான களிமண் அடுக்குகள் மழையாலும் ஆறுகளாலும் அரிக்கப்பட்டுத் தாழ்ந்த சமவெளிகளாகிவிட்டன.

அத்தகைய விளிம்புகளுள் ஒன்றுதான் மியூஸ் மேட்டுநிலம். ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பே இன்று பாறையாக நிற்கிறது. இம்மேட்டுநிலத்தை மியூஸ் ஆறு தெற்கிலிருந்து வடக்காக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றங்கரையில் வெர்டன் நகரம். ஆற்றுக்குக் கிழக்கே, நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மேட்டின் மீது ஃபிளெரி. மேட்டின் கிழக்கு ஓரம் செங்குத்தாக இறங்க, அதற்கப்பால் வோவர் என்னும் களிமண் சமவெளி விரிகிறது.

உழவனுக்கு இம்மேட்டுநிலம் ஓரளவு நல்ல நிலமே. சுண்ணாம்புப் பாறையின் மேல் படிந்த மெல்லிய மண் தானியம் விளையப் போதுமானது. மண் குறைந்த சரிவுகளில் காடு வளர்ந்தது. ஆனால் படைத்தலைவனின் கண்ணுக்கு அதே மேடு வேறு விதமாகத் தோன்றும். கிழக்கிலிருந்து வரும் பகைவனை அதன் மேல் நின்று நெடுந்தொலைவுக்குக் காணலாம். மேட்டைப் பிடித்தவன் கையில் நகரம் இருக்கும். ஃபிளெரிக்கு வாழ்வு கொடுத்த நிலமே பின்னர் அதற்குக் கேடாகவும் முடிந்தது.

எல்லைப்புறத்து ஊர்

வெர்டன் என்ற பெயர் ஐரோப்பிய வரலாற்றில் மிகப் பழையது. பேரரசர் சார்லமேனின் பேரன்மார் மூவர் தம் பாட்டனாரின் பேரரசைப் பங்கிட்டுக்கொண்ட உடன்படிக்கை 843 ஆம் ஆண்டில் இந்நகரின் பெயராலேயே ஏற்பட்டது. அப்பங்கீட்டில் மேற்குப் பகுதி பிற்காலப் பிரான்சுக்கும், கிழக்குப் பகுதி ஜெர்மனிக்கும் அடிப்படையாயின. இடைப்பட்ட பகுதிக்காக இருபுறத்தாரும் நூற்றாண்டுக் கணக்கில் போரிட்டனர். 1552 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி வெர்டனைக் கைப்பற்றினார். 1648 ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை அதை உறுதி செய்தது.

1870-71 ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு தோற்றது. அல்சேசு மாநிலத்தையும் லொரேன் மாநிலத்தின் ஒரு பகுதியையும் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. நாட்டின் உட்பகுதியில் இருந்த வெர்டன் திடீரென எல்லைப்புறத்து நகரமாயிற்று. 1874 முதல் படைப் பொறியாளர் செரே த ரிவியேர் வகுத்த திட்டப்படி எல்லை நெடுகக் கோட்டைகள் எழுந்தன. வெர்டனைச் சுற்றியிருந்த குன்றுகளும் கோட்டைகளைத் தாங்கின. அவற்றுள் பெரியது துவோமோன் கோட்டை. அதற்கும் சூவில் என்னும் மற்றொரு கோட்டைக்கும் இடையில் அமைந்துவிட்டது ஃபிளெரி. பிரான்சில் இப்பெயருள்ள ஊர்கள் பல இருப்பதால், ‘துவோமோனுக்கு முன்னுள்ள ஃபிளெரி’ என்பதே இதன் முழுப்பெயர்.

உழவர் வாழ்க்கை

லொரேன் பகுதியின் பழைய கிராமங்கள் தமக்கென ஓர் அமைப்புடையவை. வீடுகள் தெருவின் இருபுறமும் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். ஒரே கூரையின்கீழ் ஒரு பக்கம் குடும்பம், மறு பக்கம் மாட்டுத் தொழுவம், நடுவில் வண்டி நுழையுமளவு பெரிய கதவுள்ள களஞ்சியம். வீட்டுக்கும் சாலைக்கும் இடையில் அகன்ற திறந்தவெளி இருக்கும். அதை உசுவார் என்பர். வண்டி, கலப்பை, விறகடுக்கு, எருக்குவியல் எல்லாம் அங்கேதான். எருக்குவியலின் அளவைக் கொண்டே அவ்வீட்டின் செல்வத்தை மதிப்பிட்டார்கள் என்று சொல்வதுண்டு.

வயல்களுக்கு வேலி இல்லை. ஊர் நிலம் முழுவதையும் மூன்று பிரிவுகளாக்கி, முதல் ஆண்டு கோதுமை, அடுத்த ஆண்டு ஓட்ஸ் போன்ற தானியம், மூன்றாம் ஆண்டு தரிசு என்று மாற்றி மாற்றிப் பயிரிடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். ஊர்ப் பொதுக்காட்டில் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு வெட்டும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருந்தது. ஃபிளெரியிலும் வேளாண்மையும் மரத்தொழிலுமே மக்களுக்குப் பிழைப்பு. தேவாலயம், பள்ளி, ஊராட்சிமன்றம், கொல்லன் பட்டறை, ரொட்டிக் கடை, துணி துவைக்கும் துறை ஆகியவற்றோடு சிறிய இருப்புப்பாதை நிலையம் ஒன்றும் ஊரில் இருந்தது. சுருங்கச் சொன்னால், பிரான்சின் ஆயிரக்கணக்கான சிற்றூர்களில் இதுவும் ஒன்று. அதற்கெனத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

பதினாறு முறை கைமாறிய ஊர்

1916 ஆம் ஆண்டு பிப்ரவரி 21 ஆம் நாள் காலையில் ஜெர்மானியப் பீரங்கிகள் வெர்டன் மீது முழங்கத் தொடங்கின. அந்த ஒரு நாளில் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் குண்டுகள் விழுந்தன என்று மதிப்பிடுவர். அன்றே ஃபிளெரி மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். எடுத்துச் செல்ல முடிந்ததை எடுத்துக்கொண்டு, உறைபனியில் நடந்தனர். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றே பலரும் எண்ணியிருப்பர். நான்கு நாட்களில் துவோமோன் கோட்டை வீழ்ந்தது.

சூன் மாதத்தில் போர் ஃபிளெரியை நெருங்கியது. 22 ஆம் நாள் இரவு ஜெர்மானியர் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட நச்சு வாயுக் குண்டுகளை வீசினர். அவற்றில் இருந்தது டைபாஸ்ஜீன். நுரையீரலில் நீர் கோக்கச் செய்து மூச்சை அடைக்கும் நஞ்சு அது. மறுநாள் அவர்கள் ஊரைப் பிடித்தனர். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் மீட்டனர்; மீண்டும் இழந்தனர். சூன் முதல் ஆகஸ்டு வரை ஊர் 16 முறை கைமாறியது என்பர். ஆகஸ்டு 18 ஆம் நாள் பிரெஞ்சுப் படை அதை இறுதியாக மீட்டபோது மீட்பதற்கு ஊர் என்று எதுவும் இல்லை. சுவர்கள் இடிந்தன, இடிந்த கற்களும் பொடியாயின, தெருவின் தடம்கூட மறைந்தது.

வெர்டன் போர் அவ்வாண்டு திசம்பர் 18 ஆம் நாள் வரை, ஏறத்தாழ 300 நாட்கள் நீடித்தது. இரு தரப்பிலும் இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்ந்து 3 இலட்சத்தை எட்டுவர். போர் முடிந்தபோது எல்லைக்கோடு ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே இருந்தது.

சிவப்பு மண்டலம்

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. ஊர் மக்கள் திரும்ப விரும்பினர். பிரெஞ்சு அரசு பாதிக்கப்பட்ட நிலங்களை அளந்து வண்ணங்களால் பிரித்தது. சிறிது கெட்ட நிலம் நீலம். நடுத்தரமாகக் கெட்டது மஞ்சள். சீர்செய்யும் செலவு நிலத்தின் விலையையே விஞ்சுமானால் அது சிவப்பு. நீல, மஞ்சள் மண்டலங்களில் உழவர்கள் பள்ளங்களை மூடி, முள்கம்பிகளை அகற்றி, மீண்டும் விதைத்தனர். தொடக்கத்தில் 1 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த சிவப்பு மண்டலமும் படிப்படியாகச் சுருங்கியது.

வெர்டன் மேட்டுநிலத்தின் நடுப்பகுதி மட்டும் சுருங்கவில்லை. அரசு அந்நிலத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. இங்கிருந்த ஒன்பது ஊர்கள் ‘பிரான்சுக்காக உயிர் துறந்தவை’ என அறிவிக்கப்பட்டன. போர்வீரனுக்குத் தரப்படும் சிறப்பை ஊருக்குத் தந்தார்கள். ஆனால் அத்தீர்ப்பின் மறுபக்கம், அவ்வூர் மக்கள் திரும்பிவர முடியாது என்பதே. பரம்பரையாக உழுத நிலத்துக்கு ஈடாகப் பணம் பெற்றுக்கொண்டு அவர்கள் வேறிடங்களில் குடியேறினர். ஒன்பதில் வோ என்னும் ஊர் சற்றுத் தள்ளி மீண்டும் கட்டப்பட்டது. வேறு இரண்டில் ஒரு சிலர் குடியேறினர். ஃபிளெரி உள்ளிட்ட ஆறு ஊர்கள் இன்றுவரை மக்களின்றியே இருக்கின்றன.

மண்ணுக்கு நேர்ந்தது என்ன?

வளமான மேல்மண் ஓர் அங்குலம் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். இலையும் வேரும் மட்கி, மண்புழுவும் நுண்ணுயிர்களும் உழைத்து, பாறை மெல்லச் சிதைந்து உண்டாகும் பொருள் அது. பீரங்கிக் குண்டு வெடிக்கும்போது இந்த அடுக்கு வரிசை நொடியில் குலைகிறது. அடியிலிருக்கும் சுண்ணாம்புக்கல் மேலே வருகிறது. மேல்மண் சிதறுகிறது அல்லது ஆழத்தில் புதைகிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குண்டு விழுந்தால் மண் என்று சொல்லத்தக்கது மிஞ்சுவதில்லை.

ஜோசப் ஹூப்பி, ராண்டல் ஷேட்சல் என்னும் அமெரிக்கப் புவியியலறிஞர் இருவர் வெர்டன் பள்ளங்களை ஆராய்ந்து, குண்டுவெடிப்பால் மண் கலங்குவதற்கென்றே 2006 ஆம் ஆண்டில் ஒரு புதிய கலைச்சொல்லை அமைத்தனர். மண்புழுவும் மரவேரும் மண்ணைக் கலக்குவதுபோல மனிதனின் குண்டும் மண்ணைக் கலக்கும் ஓர் ஆற்றல் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் கண்ட மற்றொரு செய்தி ஆறுதல் தருவது. பள்ளங்களின் அடியில் இலைச்சருகும் ஈரமும் சேர்ந்து, மண்புழுக்கள் குடியேறி, புதிய மண் உருவாகத் தொடங்கிவிட்டது. இயற்கை தன் வேலையை விடவில்லை. ஆனால் அதன் கடிகாரம் வேறு. உழவனின் ஆயுட்காலம் அதற்கு ஒரு நொடி.

இரண்டாவது இடையூறு, வெடிக்காத குண்டுகள். வீசப்பட்ட குண்டுகளில் கணிசமான பங்கு வெடிக்காமலே மண்ணில் புதைந்தது. உறைபனி மண்ணை விரிந்து சுருங்கச் செய்யும்போது அவை மெல்ல மேலெழுகின்றன. ஏர்முனை பட்டாலும் வெடிக்கலாம். பிரான்சில் இவற்றை அகற்ற 1945 முதல் ஒரு தனிப் பணிப்பிரிவு இயங்குகிறது. நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 டன் பழைய வெடிபொருள்களை அவர்கள் திரட்டுகிறார்கள். இப்பணியில் இதுவரை உயிரிழந்தோர் 600க்கும் மேற்பட்டவர். வேலை முடியப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பது அத்துறையினரின் மதிப்பீடு.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்கள் குண்டுகளிலிருந்து மண்ணில் கலந்தன. 1917 முதல் பயன்பட்ட சில வாயுக் குண்டுகளில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமமும் இருந்தது. வெர்டனுக்கு வடகிழக்கே ஸ்பின்கூர் காட்டில், எஞ்சிய 2 இலட்சம் வாயுக் குண்டுகளை 1928 ஆம் ஆண்டில் எரித்து அழித்தனர். குண்டு அழிந்தது, ஆர்சனிக் அழியவில்லை. தனிமங்களை நெருப்பால் அழிக்க முடியாது அல்லவா? 2007 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அவ்விடத்தின் மேல்மண்ணில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 176 கிராம் வரை ஆர்சனிக் இருப்பதைக் காட்டியது. சாதாரண மண்ணில் இது சில மில்லிகிராம் அளவே இருக்கும். எண்பது ஆண்டுகள் கழித்தும் அங்கே ஒரு புல், ஒரு பாசி, ஒரு கற்பாசி ஆகிய மூன்று இனங்களே பெரும்பாலும் தாக்குப்பிடித்திருந்தன. ஃபிளெரியின் மண் முழுவதும் இவ்வளவு கெட்டதன்று. ஆனால் போர்நிலத்து மண் எதை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதற்கு இது சான்று.

காடு வந்தது

பயிர் செய்ய முடியாத நிலத்தில் அரசு மரம் நட்டது. போரிழப்பீடாக ஜெர்மனி தந்த ஆஸ்திரியக் கரும் பைன் மரங்களே இதில் பெரும்பங்கு. சுண்ணாம்பு நிலத்தில் வளரவல்ல மரம் அது. கோடிக்கணக்கான கன்றுகள் நடப்பட்டன. ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் பரப்புள்ள வெர்டன் காடு இவ்வாறு பிறந்தது. பைன் மரங்கள் முதிர்ந்தபின் 1970களிலிருந்து அவற்றின் இடத்தில் அப்பகுதிக்கே உரிய பீச் மரங்கள் இடம்பெற்று வருகின்றன.

மனிதன் விட்ட இடத்தில் பிற உயிர்கள் குடியேறின. நீர் தங்கிய குண்டுப் பள்ளங்களில் மஞ்சள் வயிற்றுத் தேரை என்னும் அரிய இனம் முட்டையிடுகிறது. கைவிடப்பட்ட கோட்டைகளின் நிலவறைகளில் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. படைகளின் குதிரைத் தீவனத்தோடு வந்த விதைகள் முளைத்து, அந்நாட்டில் முன்பு இல்லாத செடிகளும் லொரேன் பகுதியில் பூக்கின்றன. அமெரிக்கப் படையோடு வந்த நீலப்பூப் புல் ஒன்று அவற்றில் குறிப்பிடத்தக்கது.

2013 ஆம் ஆண்டில் வானிலிருந்து லேசர் கதிர் செலுத்திக் காட்டின் தரையை அளந்தனர். இலைகளின் இடைவெளி வழியே சென்று தரையில் பட்டுத் திரும்பும் கதிர்களைக் கொண்டு வரையப்பட்ட படத்தில், மரங்களே இல்லாததுபோல் நிலம் வெளிப்பட்டது. அகழிகளும் பள்ளங்களும் அப்படியே தெரிந்தன. மண்ணை உழாததால்தான் அவை அழியாமல் நின்றன.

ஊரின் பெயரைக் காப்பது

இன்று ஃபிளெரிக்குச் செல்பவர் பள்ளங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடக்கலாம். வழியில் சிறு அடையாளக் கம்பங்கள் நிற்கின்றன. ‘இங்கே பண்ணை வீடு’, ‘இங்கே கொல்லன் பட்டறை’, ‘இங்கே பள்ளி’ என்ற பொருளில் அவை இடங்களைச் சுட்டுகின்றன. தேவாலயம் இருந்த இடத்தில் 1930களில் ஒரு சிறு வழிபாட்டுக்கூடம் எழுந்தது. பழைய இருப்புப்பாதை நிலையம் இருந்த இடத்தில் 1967 ஆம் ஆண்டில் போர் நினைவுக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. சற்றுத் தொலைவில், 1932 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துவோமோன் எலும்பகத்தில் இன்னார் என்று அறியப்படாத 1,30,000 வீரர்களின் எலும்புகள் இரு நாட்டாரும் என்ற வேறுபாடின்றிச் சேர்ந்து கிடக்கின்றன. மண் இன்னும் தன்னிடமுள்ளதைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. 2013 ஆம் ஆண்டில் ஃபிளெரியில் 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவர்களுள் 7 பேரை அடையாள வில்லைகளைக் கொண்டு இன்னார் என அறிய முடிந்தது.

வாக்காளரே இல்லாத ஊரில் தேர்தல் நடத்த இயலாது. ஆகவே மாவட்டத் தலைமை அதிகாரி மூவரடங்கிய குழு ஒன்றை அமர்த்துகிறார். அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரம் உண்டு. சாலை போடுவதோ வரி தண்டுவதோ அவருடைய முதன்மை வேலையன்று. பாதைகளையும் நினைவுச் சின்னத்தையும் பேணுவதும், ஊர் மக்களின் வழித்தோன்றல்கள் கூடும் ஆண்டு நினைவு நிகழ்ச்சியை நடத்துவதும், ஊரின் பெயர் வரைபடத்திலிருந்து மறையாமல் காப்பதுமே அவருடைய பணி.

கோட்டைகளையும் கோபுரங்களையும் மரபுச் செல்வம் என்று எண்ணுவது நம் வழக்கம். ஃபிளெரி நமக்குக் காட்டும் மரபுச் செல்வம் வேறு. பல தலைமுறை உழவர் எருவிட்டு, உழுது, தரிசு போட்டுப் பேணி வந்த ஒரு சாண் மேல்மண்தான் அது. இடிந்த வீட்டைச் சில ஆண்டுகளில் கட்டிவிடலாம். அந்த மண்ணை எந்த அரசாலும் எந்தப் பொறியாளராலும் திரும்பக் கட்ட முடியவில்லை. போரின் இழப்பைக் கணக்கிடும்போது இறந்தோரை எண்ணுகிறோம். இடிந்த கட்டடங்களை எண்ணுகிறோம். இனி உழமுடியாமற்போன நிலத்தையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். இன்றும் உலகின் பல பகுதிகளில் விளைநிலங்களின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் இக்கணக்கு பொருந்தும்.